மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு வரிசை

மதிய மணி அடித்ததும் தையல் மிஷின்கள் ஒவ்வொன்றாக அடங்கின. முதலில் காலர் லைன் நிற்கும், பிறகு கை தைக்கிற லைன். கடைசியாக அயர்ன் மேஜைகளிலிருந்து வரும் நீராவிச் சீற்றம் நிற்கும். அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் காதுக்குள் ஓர் இரைச்சல் மிச்சமிருக்கும்.

மற்ற நாட்களில் அந்த மணிக்கு நாங்கள் ஓடுவோம். அரை மணி நேரம்தான். டிபன் பாக்ஸ் எடுக்க, கை கழுவ, சாப்பிட, பாத்ரூம் போக எல்லாம் அதற்குள். அன்றைக்கு நான் ஓடவில்லை. மாடியில் படிக்குப் பக்கத்தில் இருந்த ஹெச்.ஆர். அறைக்குப் போய் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்தேன். முன்னால் வெள்ளைத் தாள்கள், இரண்டு பேனா. எனக்கு ஒரு பக்கம் ஹெச்.ஆர். மேடம், இன்னொரு பக்கம் வெளியிலிருந்து வந்திருந்த வக்கீலம்மா.

கதவு திறந்திருந்தது. வெளியே ஒருவரும் இல்லை.

மேடம் செல்போனில் மணி பார்த்தார். பத்து நிமிஷம் காத்திருக்கலாம், யாரும் வரவில்லையென்றால் சாட்சி இல்லை என்று எழுதி முடித்துவிடலாம் என்றார். குரலில் கடுமை இல்லை. ஒருத்தியும் வரமாட்டாள் என்பதில் அவருக்கு அவ்வளவு உறுதி.

நஞ்சன்கூடு ரோட்டில் இருந்த அந்த கார்மென்ட்ஸில் எனக்கு அப்போது பத்து வருஷத்துக்கு மேல் சர்வீஸ். அவ்வளவு வருஷத்தில் அந்தப் பத்து நிமிஷம் போல நீளமாக எதுவும் போனதில்லை.

பெயர்களைப் பற்றி

போன வாரம் மைசூருக்கு வந்து முதன்முதலாகத் தையல் மிஷினில் உட்கார்ந்த கதையை எழுதியிருந்தேன். அந்தப் பெயர்களெல்லாம் உண்மையானவை. இந்த வாரம் வருகிறவை, என் பெயரைத் தவிர, உண்மையல்ல. கம்பெனி பெயரையும் எழுதப் போவதில்லை. இப்படிப்பட்ட விசாரணையில் யார் புகார் கொடுத்தார், யார் மேல் கொடுத்தார் என்பதை வெளியே சொல்லக்கூடாது என்பது சட்டம். சட்டம் இல்லாவிட்டாலும் மாற்றித்தான் எழுதியிருப்பேன்.

புகார் கொடுத்த பெண்ணுக்கு ரேகா என்ற பெயரை அவளே தேர்ந்தெடுத்தாள். பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணுக்கு அந்தப் பெயராம், ரொம்ப நாள் பொறாமையாம். இந்த அத்தியாயத்தை அனுப்புவதற்கு முன்னால் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டு இடத்தில் திருத்தினாள்.

பலகையில் என் பெயர்

ரேகாவுக்கு அப்போது இருபத்தெட்டு வயது. எங்கள் லைனில் சட்டைக் கை நுனி தைப்பவள். என் மிஷினுக்கு அடுத்த மிஷின். அவள் அப்பா அம்மா ஹனூர் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்து மைசூரிலேயே தங்கிவிட்டவர்கள். எனக்கும் அதே பக்கத்துக் கௌதள்ளி என்பதால் எங்கள் இரண்டு பேர் வீட்டுப் பேச்சும் ஒரே மாதிரி இருக்கும். ஆனால் அவள் படித்தது கன்னடத்தில். தமிழில் ஆரம்பிக்கிற வாக்கியத்தைக் கன்னடத்தில் முடிப்பாள்.

ஒரு நாள் காலையில் கைரேகை மிஷினில் விரல் வைத்துவிட்டு உள்ளே போன என்னை ரேகா மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். நோட்டீஸ் பலகை முன்னால் கொண்டுபோய் விட்டாள். கண்ணாடிக்குப் பின்னால் பழுப்பேறிய ஒரு தாள். பாலியல் தொல்லை பற்றிய புகார்களை விசாரிக்கும் உள் குழு என்று மேலே எழுதியிருந்தது. கீழே நான்கு பெயர்கள். மூன்றாவது பெயரின் மேல் விரலை வைத்தாள்.

"இது நீங்கதானே அக்கா?"

மாதேஸ்வரி, டெய்லர். இங்கிலீஷில் ஓர் எழுத்தைத் தப்பாகப் போட்டிருந்தார்கள். ஆனால் நான்தான்.

எனக்கு மெல்ல ஞாபகம் வந்தது. வெளிநாட்டிலிருந்து துணி வாங்குகிறவர்கள் கம்பெனியைப் பார்க்க வந்த ஒரு நாள். அப்படிப்பட்ட நாட்களில் பாத்ரூமில் சோப்பு வைப்பார்கள், அடைத்துக் கிடக்கும் வழிகளில் இருந்து பெட்டிகளை நகர்த்துவார்கள். அன்றைக்கு மேடம் என்னைக் கூப்பிட்டு ஒரு தாளில் கையெழுத்துப் போடச் சொன்னார். எதற்கு என்று கேட்டதற்குக் கமிட்டி என்றார். நான் கேன்டீன் கமிட்டி என்று நினைத்துக்கொண்டேன். சோற்றுக்கு ஊற்றுகிற சாறு தண்ணியாக இருக்கிறது என்று சொல்ல ஒரு வாய்ப்பு என்று சந்தோஷப்பட்டதுகூட நினைவிருக்கிறது.

ரேகா என்னைப் பார்த்தபடி நின்றாள். அழவில்லை. "என்னோட கம்ப்ளெய்ன்ட்டை வாங்க வேண்டியவங்களே நீங்கதான் அக்கா. ரெண்டு மாசமா உங்க பக்கத்து மிஷின்ல உக்காந்துக்கிட்டு, யார்கிட்ட சொல்றதுன்னு தேடிட்டிருந்தேன்" என்றாள்.



சாம்பிள் ரூம்

ஃப்ளோர் மேனேஜரை நாங்கள் ஃப்ளோர் சார் என்போம். நாற்பதைத் தாண்டியவர், இஸ்திரி கலையாத சட்டை, செண்ட் வாசனை. அந்த வாசனை முதலில் வரும், ஆள் பிறகு வருவார். தையல் சரி பார்க்கிற சாக்கில் மிஷின் மேல் குனிவார். கை துணி மேல் இருக்காது. முதுகில் இருக்கும்.

பிடித்தவர்களை சாம்பிள் ரூமுக்குக் கூப்பிடுவார். முதல் மாதிரித் துணிகளைத் தைத்து வைக்கிற சின்ன அறை அது, ஜன்னல் கிடையாது. ரேகாவை அப்படி நான்கு முறை கூப்பிட்டார். நான்காவது முறை கதவைச் சாத்தினார். அவள் கையில் இருந்த நூல் வெட்டும் கத்தரியை நீட்டிப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

மறுநாளிலிருந்து அவளுக்கு மட்டும் ஒரு மணி நேரத்துக்கான எண்ணிக்கையைக் கூட்டினார்கள். முடிக்காவிட்டால் எல்லோர் முன்னாலும் நிற்க வைத்தார்கள். பாத்ரூம் போகத் தருகிற டோக்கன் அவள் கேட்கும்போது மட்டும் இருக்காது. நாங்கள் எல்லோரும் பார்த்தோம். ஏன் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

தனித்தனியாகச் செய்கிறவை

எனக்குப் பழகிப்போன வழிகள் வேறு. கல்யாணமான புதிதில் கொள்ளேகாலிலிருந்து மைசூர் பஸ்ஸில் வரும்போது தோள் பையில் ஊக்கு குத்தி வைத்திருப்பேன். பின்னால் நிற்கிறவன் நெருங்கினால் எடுத்துக் கையில் வைத்துக்கொள்வேன். அதுவும் முடியாவிட்டால் இடம் மாறி நிற்பது. அதுவும் முடியாவிட்டால் அடுத்த ஊரில் இறங்கி வேறு பஸ் பிடிப்பது. எல்லாமே ஒருத்தி தனியாகச் செய்கிறவை. பக்கத்தில் நிற்கிற பெண்ணிடம் ஒரு வார்த்தை சொல்லலாம் என்று எனக்கு ஒருமுறைகூடத் தோன்றியதில்லை.

வேலைக்குச் சேர்ந்த வருஷம், எனக்கு மிஷினில் நூல் கோக்கச் சொல்லிக் கொடுத்தவள் ஒருத்தி இருந்தாள். ஒரு நாள் பாதி வேலையில் எழுந்து கேட்டைத் தாண்டிப் போனாள். திரும்பி வரவில்லை. காரணம் எங்களுக்குத் தெரியும். அவள் விட்டுப்போன டிபன் பாக்ஸை நான் கழுவி, செக்யூரிட்டியிடம் கொடுத்து வைத்தேன். நான் செய்தது அவ்வளவுதான்.

அவளைப் பற்றி ரேகாவிடம் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன். ரேகா என்னைத் தேற்றவில்லை. அது சரிதான். "அவங்களுக்கு யாரும் இல்லை. எனக்கு நீங்க இருக்கீங்க அல்வா, இல்லையா? எழுதித் தர்றேன், வாங்கிக்குங்க" என்றாள்.

டைனிங் ஹாலில் வைத்து, கன்னடத்தில் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தாள். நான் தேதி போட்டு வாங்கிக்கொண்டேன். என் கையெழுத்தை அன்றைக்குத்தான் நிதானமாகப் போட்டேன்.

வக்கீலம்மா

பலகையில் இருந்த நான்கு பேரில் ஒருத்தி வேலையை விட்டுப் போய் வெகுநாளாகியிருந்தது. ஹெச்.ஆர். மேடம்தான் தலைவி. நான்காவது, குழுவில் வெளியாள் ஒருவர் இருக்க வேண்டும் என்பதற்காகச் சேர்த்திருந்த ஒரு பெண் வக்கீல். அறுபது வயதை நெருங்கியவர். அவர் நம்பரைத் தேடிப் பிடித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை ரேகாவும் நானும் வீட்டுக்குப் போனோம்.

புகாரை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். வருஷத்துக்கு ஒருமுறை புகார் ஏதும் இல்லை என்ற அறிக்கை வரும், அதில் தானும் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருப்பதாகச் சொன்னார். கம்பெனிக்குள் ஒருமுறைகூட வந்து பார்த்ததில்லை என்றார். எங்கள் இருவரிடமும் மன்னிப்புக் கேட்டார். படித்தவர்கள், காரில் வருகிறவர்கள் என்னிடம் மன்னிப்புக் கேட்டது அதுவே முதல் தடவை. எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

பிறகு சட்டத்தைப் பற்றிய கன்னடப் புத்தகம் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார். ரேகா வாசித்தாள், வக்கீலம்மா விளக்கினார், நான் கேட்டேன். மூன்று மணி நேரம். நடுவில் இரண்டு முறை காப்பி.

அந்த மூன்று மணி நேரம் அடுத்த வாரமே கை கொடுத்தது. மேடம் ரேகாவைக் கூப்பிட்டு, அவளுடைய நல்லதுக்காகவே பெங்களூர்ப் பக்கம் இருக்கிற இன்னொரு யூனிட்டுக்கு மாற்றுவதாகச் சொன்னார். நானும் அங்கே இருந்தேன். பழைய மாதேஸ்வரியாக இருந்தால் தலையாட்டியிருப்பேன்.

"இடமாற்றம் அவ கேட்டாத்தான் மேடம்" என்றேன். "அவ கேக்கலைங்க."

ரேகா சேர்த்துச் சொன்னாள்: "நான் யாக்கே, ஏன் போகணும் மேடம்? தப்புப் பண்ணினது நான் இல்லையே."

மேடம் எங்களை அப்போதுதான் முதல்முறையாகச் சரியாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

விசாரணை தொடங்கியது. ஃப்ளோர் சார் எல்லாவற்றையும் மறுத்தார். வேலை சரியில்லாதவள் பழிவாங்குகிறாள் என்றார். சாட்சி சொல்ல விரும்புகிறவர்கள் மூன்று நாள் மதிய இடைவேளையில் வரலாம் என்று மேடம் அறிவிப்பு ஒட்டினார். வேலை நேரத்தில் யாரையும் லைனிலிருந்து விட முடியாதாம். சோற்றை விட்டுவிட்டு எவள் வருவாள் என்பது கணக்கு.

ரேகா கம்பெனி வேனில் ஒவ்வொரு சீட்டாகப் போய்ப் பேசினாள். யாரும் முகம் கொடுக்கவில்லை. புகார் வெளியே போனால் ஆர்டர் நின்றுவிடும், யூனிட்டையே மூடிவிடுவார்கள் என்று ஒரு பேச்சைப் பரப்பியிருந்தார்கள். என் வீட்டுக்காரர் கொத்து வேலை செய்கிறவர். தைரியமாகப் போ என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். யோசிச்சுப் பண்ணு என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

அப்படித்தான் நான் அந்த மேஜைக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தேன்.

முதலில் வந்தவர்

ஏழு நிமிஷம் போயிருக்கும். படியில் செருப்புச் சத்தம் கேட்டது. உள்ளே வந்தவரை நான் எதிர்பார்க்கவே இல்லை.

நாகரத்னக்கா. எங்கள் லைன் சூப்பர்வைசர். நஞ்சன்கூட்டுக்காரர். ஃப்ளோர் சாரின் வலது கை என்று எல்லோரும் சொல்வோம். சார் கூப்பிடுகிறார், சாம்பிள் ரூமுக்குப் போ என்று ரேகாவிடம் வந்து சொன்னதே அவர்தான். ரேகாவுக்கு எதிராகச் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

நாற்காலியில் உட்காரவில்லை. கன்னடத்தில் பேசினார். தமிழில் எழுதுகிறேன்.

"நான்தான் அவளை அந்த ரூமுக்கு அனுப்பினேன். நாலு தடவையும். எதுக்குன்னு தெரிஞ்சுதான் அனுப்பினேன். எழுதிக்கோ."

வக்கீலம்மா மெதுவாக, இப்போது ஏன் சொல்ல வந்தீர்கள் என்று கேட்டார்.

நாகரத்னக்கா புடவைத் தலைப்பைக் கையில் சுற்றினார். மகள் பி.யு.சி. முடித்திருக்கிறாள், கம்பெனியில் அவளுக்கு ஒரு வேலை கேள் என்று வீட்டுக்காரர் சொன்னாராம். இவர் வேண்டாம் என்றாராம். வீட்டுக்காரர் ஏன் என்று கேட்டாராம். "பதில் சொல்ல வாய் வரலை. மத்தவங்க மகளை அனுப்பினேன், என் மகளை வேண்டாங்கறேன். அதை எப்படிச் சொல்றது?" என்றார்.

எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லி, ஒரு வார்த்தையைக் கடுமையாக்கச் சொல்லி, பிறகு கையெழுத்துப் போட்டார். வேலை போனாலும் போகட்டும் என்று சொல்லிவிட்டுக் கதவுப் பக்கம் திரும்பினார்.

கதவில் எங்கள் லைனிலிருந்து இரண்டு பேர் நின்றார்கள். நாகரத்னக்கா ஏறி வந்ததை டைனிங் ஹாலில் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அவரே போய்விட்டார் என்ற பேச்சு தட்டுக்குத் தட்டு தாவியிருக்கிறது. இடைவேளை முடிந்து மணி அடிக்கும்போது வரிசை படியில் பாதி வரை இறங்கியிருந்தது.

இரண்டு வரிசைகள்

மறுநாள் நிர்வாகம் ஒரு புது ஏற்பாடு செய்தது. கூட்டம் அதிகமாக இருப்பதால் சாப்பாட்டு நேரத்தை இரண்டாகப் பிரிக்கிறோம் என்றார்கள். பாதிப் பேருக்கு முதலில், மீதிப் பேருக்கு அரை மணி கழித்து. எல்லோரும் சேர்ந்து நிற்கக்கூடாது என்பதற்காகச் செய்தது. ஆனால் அதனால் எங்களுக்கு அரை மணி நேரம் ஒரு மணி நேரமாகக் கிடைத்துவிட்டது. முதல் மணிக்கு ஒரு வரிசை, இரண்டாம் மணிக்கு இன்னொரு வரிசை. வக்கீலம்மா வாய்க்குள் சிரித்ததை நான் பார்த்தேன்.

நின்றவர்கள் சத்தம் போடவில்லை, கோஷம் போடவில்லை. மிஷின் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. வேலைநிறுத்தம் என்று யாரும் சொல்ல முடியாது. கையில் டிபன் பாக்ஸோடு நின்றார்கள். நின்றபடியே சித்ரான்னமும் தயிர் சாதமும் சாப்பிட்டு, முன்னால் நிற்கிறவளுக்கும் ஒரு வாய் கொடுத்தார்கள். எழுதத் தெரியாதவர்கள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். விரலில் மை ஒட்டி, அதோடு போய் வெள்ளைத் துணி தைக்க முடியாமல் சோப்புப் போட்டுத் தேய்த்தேன்.

சிலர் ரேகாவுக்கு நடந்ததைப் பார்த்தவர்கள். பலர் தங்களுக்கு நடந்ததைச் சொன்னார்கள். நான் தினமும் குட்மார்னிங் சொல்கிறவர்கள். ஒவ்வொருத்தியும் தனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தாள்.

மூன்றாம் நாள் வரிசையில் ஓர் ஆணும் நின்றார். அயர்ன் செக்‌ஷன் சித்தராஜு. அவர் மேஜை சாம்பிள் ரூமுக்கு நேர் எதிரே. கதவு சாத்தியதையும், ரேகா கத்தரியோடு வெளியே வந்ததையும் பார்த்தவர் அவர் ஒருவர்தான். இவ்வளவு நாள் சொல்லாததற்கு வெட்கமாக இருக்கிறது என்று எழுதச் சொன்னார். அது சாட்சியத்தில் வராது என்று மேடம் சொன்னார். பரவாயில்லை, எழுதுங்கள் என்றார்.

அந்தச் சாட்சியங்களை ஃப்ளோர் சாருக்குக் கொடுத்து, பதில் சொல்ல முழு அவகாசமும் கொடுத்தோம். வக்கீலம்மா அதில் கறாராக இருந்தார். ஃப்ளோர் சார் வந்து உட்கார்ந்தார். அன்றைக்குச் செண்ட் வாசனை இல்லை. ஒவ்வொரு தாளையும் புரட்டிவிட்டு, இத்தனை பேரும் சேர்ந்து பொய் சொல்கிறார்கள் என்றார். அதற்கு மேல் அவரிடம் எதுவும் இல்லை.

ராஜினாமா அல்ல

புகார் உண்மை, வேலையை விட்டு நீக்க வேண்டும் என்று அறிக்கை எழுதினோம். மேடமும் கையெழுத்துப் போட்டார். அவரைப் பற்றியும் நியாயமாகச் சொல்ல வேண்டும். கடைசி வாரத்தில் மேலிடத்திலிருந்து அவருக்கு எவ்வளவு அழுத்தம் வந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. ஆனாலும் போட்டார்.

ஆனால் தலைமை அலுவலகம் வேறு வழி பார்த்தது. அவரே ராஜினாமா செய்துவிட்டுப் போகட்டும், இரு தரப்புக்கும் கௌரவம் என்றார்கள். நல்ல சான்றிதழோடு இன்னொரு கம்பெனியில் இன்னொரு ஃப்ளோருக்குப் போவார். அங்கேயும் ஒரு சாம்பிள் ரூம் இருக்கும்.

ரேகாவிடம் கேட்டேன். சம்மதமில்லை என்றாள். அன்றைக்கு மாலை வேனில் அவள் பேசியபோது யாரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளவில்லை. அறிக்கையை நிறைவேற்றாவிட்டால் மாவட்ட அதிகாரியிடம் போவோம் என்று ஒரு கடிதம் எழுதினோம். முதல் கையெழுத்து நாகரத்னக்கா. தாள் லைன் லைனாகப் போய், பின்பக்கமும் நிறைந்து, இன்னொரு தாள் ஒட்டப்பட்டு என்னிடம் திரும்பி வந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை மேடம் என்னையும் ரேகாவையும் கூப்பிட்டு உத்தரவின் நகலைக் கொடுத்தார். பணிநீக்கம். ராஜினாமா அல்ல. காரணமும் எழுதியிருந்தது. ரேகா அதை இரண்டு முறை வாசித்தாள். மடித்து டிபன் பைக்குள் வைத்தாள். "வேலை இருக்குது அக்கா, வாங்க" என்றாள்.

ஃப்ளோருக்குள் நாங்கள் நுழைந்தபோது யாரும் எதுவும் கேட்கவில்லை. ரேகாவின் முகமே சொல்லிவிட்டது போலிருக்கிறது. காலர் லைனில் ஒருத்தி மிஷின் மேஜையில் கத்தரியால் மெல்லத் தட்டினாள். அடுத்தவள் தட்டினாள். அயர்ன் மேஜையிலிருந்து சித்தராஜு தட்டினார். ஃப்ளோர் முழுவதும் அந்தச் சத்தம். நான் அன்றைக்கு ஒரு சட்டைக் கையைத் தலைகீழாகத் தைத்துவிட்டேன். நாகரத்னக்கா அதை எடுத்துத் தானே பிரித்துப் போட்டார்.

ரேகாவின் இந்தி

அதற்குப் பிறகு சில விஷயங்கள் மாறின. டோக்கன் போனது. சாம்பிள் ரூமுக்குக் கண்ணாடிக் கதவு வந்தது. பெரிய விஷயம், குழுவில் தொழிலாளிகளின் இடத்துக்கு நிர்வாகம் பெயர் எழுதாமல் நாங்களே ஆள் சொல்வது என்று ஒத்துக்கொண்டார்கள். அடுத்த முறை நான் நிற்கவில்லை. ரேகாவை எல்லோரும் சேர்ந்து அனுப்பினார்கள்.

இப்போது புதிதாகச் சேர்கிறவர்களில் பாதிப் பேர் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வருகிற பெண்கள். ஹாஸ்டலில் தங்குகிறார்கள். கன்னடமும் தெரியாது, தமிழும் தெரியாது. அவர்களுக்காக ரேகா இந்தி கற்றுக்கொண்டாள். இந்தி என்று அவள் சொல்கிறாள். எனக்குத் தெரிந்தவரை அது கன்னடத்துக்கு இந்தி வால் ஒட்டியது.

சில மாதங்களுக்கு முன் அப்படி ஒரு புது பேட்ச் வந்தது. டைனிங் ஹாலில் ரேகா அவர்கள் முன்னால் நின்று, தொல்லை என்றால் என்ன, யாரிடம் சொல்ல வேண்டும், எப்படி எழுத வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கடைசி பெஞ்சில் இருந்தேன். ஒரு வார்த்தையை அவள் தப்பாகச் சொல்ல, அந்தப் பெண்கள் வாய் பொத்திச் சிரித்தார்கள். ரேகாவும் சிரித்துவிட்டு, சரியான வார்த்தையை அவர்களிடமே கேட்டுத் தெரிந்துகொண்டாள். தன் நம்பரைப் பலகையில் எழுதினாள். எல்லோரும் செல்போனை எடுத்தார்கள்.

அப்போது புது ஃப்ளோர் மேனேஜர் கதவில் வந்து நின்றார். இளைஞர், வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, இன்னும் எவ்வளவு நேரம் ஆகும், லைனில் ஆள் இல்லை என்றார்.

ரேகா சாக்பீஸைக் கீழே வைக்கவில்லை.

"முடிஞ்சதும் அனுப்பறேன் சார். இது உங்களுக்கும்தான், அங்கே இடம் இருக்குது, உக்காருங்க."

அவர் இன்னொரு முறை கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.